குளிர் விட்டுப்போச்சு

எங்கள் கம்பெனி விற்பது குளிர். ஐஸ்கிரீம், மீன், உரித்த பட்டாணி என்று யார் யாரோ தயாரித்ததையெல்லாம் லாரியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். நாங்கள் வாங்கி, மைனஸ் பதினெட்டு டிகிரியில் கெடாமல் வைத்திருப்போம். நாங்கள் என்று நான் சொல்லிக்கொள்வது ஒரு கெத்துக்காக. நான் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி. உள்ளே இருக்கும் மீனுக்கு ஒன்று என்றால் ஓடிவர நாலு பேர் உண்டு. கேட்டில் நிற்பவள் விறைத்துப்போனால், லாரிக்காரர் யாராவது ஹாரன் அடித்து அடித்து அலுத்துப்போய் இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

கிடங்குக்குள் வேலை பார்ப்பவர்களுக்கு நீல ஜாக்கெட் கொடுப்பார்கள். பஞ்சு வைத்துத் தைத்தது. முழங்கால் வரை வரும், காதை மூடுகிற குல்லாவும் அதோடு சேர்ந்தே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்கும் ஒன்று கேட்டேன். மானேஜர் விதிப் புத்தகத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்டினார். ஜாக்கெட் குளிர்ப் பிரிவு ஊழியர்களுக்கு மட்டும். கேட் பொதுப் பிரிவு.

"உள்ள மைனஸ் பதினெட்டு. வெளிய இன்னைக்கு பிளஸ் ரெண்டு. அவங்களைவிட நீங்க இருபது டிகிரி சூட்டுல இருக்கீங்கம்மா," என்றார்.

கணக்கில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சலாக வந்தது. உள்ளே போகிறவர்கள் இருபது நிமிஷம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து, கதவை மூடிய அறையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் மறுபடி போவார்கள். நான் விடிகாலை ஐந்தரைக்கு வந்தால் மதியம் ஒன்றரை வரை திறந்தவெளியில், வீசுகிற காற்றுக்கு நேராக. காற்று அவர் கணக்கில் வரவில்லை. வயிற்றெரிச்சலில் உடம்பு சூடாகும் என்றால் எனக்கு அன்றைக்கே ஜாக்கெட் தேவைப்பட்டிருக்காது.

மானேஜர் இரண்டு டிகிரி படித்தவர். வாயைத் திறந்தால் வருவதும் டிகிரிதான். ஆகவே கிடங்கில் எல்லோருக்கும் அவர் 'டிகிரி'. அவர் காதுக்கு எட்டாதவரை.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆறு மாசம் சோதனைக் காலம். அதை ஒழுங்காகக் கழித்தால் நிரந்தரம். இடையில் மூன்று மெமோ வாங்கினால் வீட்டுக்கு. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு கண்ணில் பார்வை போனதும் லைசென்ஸும் போயிற்று. இப்போது வீட்டில் சம்பளம் என்று ஒன்று வருவது என்னால்தான். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் என் கொழுந்தன். இதே கிடங்கில் மெஷின் ரூம் ஆபரேட்டர், எனக்கும் அவனுக்கும் ஒரே ஷிஃப்ட். "எங்க அண்ணி சார், நான் பொறுப்பு," என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்துவிட்டான். அந்த வார்த்தைக்காக அவன் பின்னால் எவ்வளவு வருத்தப்பட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும்.

ஜாக்கெட் இல்லை என்று ஆனதும், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கப் பார்த்தேன். பல்லைக் கடிக்கவும் பல் ஓரிடத்தில் நிற்க வேண்டுமே. அதனால் கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்க ஆரம்பித்தேன்.

முதலில் செய்தித்தாள். அப்படியே தட்டையாக வைத்தால் பிரயோஜனம் இல்லை. நன்றாகக் கசக்கி, பிறகு விரித்து, சட்டைக்குள் விட வேண்டும். வயிற்றுக்கு இரண்டு தாள், முதுகுக்கு நான்கு. வழவழ விளம்பரத் தாள் வேண்டவே வேண்டாம், அது உடம்புச் சூட்டைத் திருடிக்கொள்ளும். அரசியல் பக்கம் சூடாக இருக்கும் என்று லாரிக்காரர்கள் சிபாரிசு செய்தார்கள். போட்டுப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒன்றுதான்.

காலுக்கு ஒரு சாக்ஸ், அதன்மேல் பிளாஸ்டிக் பை, அதன்மேல் இன்னொரு சாக்ஸ். நிற்கிற இடத்தில் அட்டைப்பெட்டியை நாலாக மடித்துப் போட்டுக்கொள்வேன். தரை குளிர்ந்தால் அது கால் வழியாகத்தான் ஆளைக் குடிக்கும். கைக்கு உருளைக்கிழங்கு. வீட்டிலிருந்து கிளம்பும்போது இரண்டு கிழங்கை வேகவைத்து, துணியில் சுற்றி, பாக்கெட்டுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு வருவேன். பத்து மணி வரை அது கைக்கு, பத்து மணிக்கு மேல் வாய்க்கு. உப்பு மட்டும் கேட் மேஜை டிராயரில் ஒரு பொட்டலம் இருக்கும்.

இதோடு நின்றிருக்கலாம். பேக்கிங் செக்‌ஷனில் ஒரு அக்கா இருக்கிறார், இளகிய மனசு. பொருள் உடையாமல் சுற்றுகிற, குமிழ் குமிழாக இருக்கும் பிளாஸ்டிக் தாள், விரலால் அழுத்தினால் வெடிக்குமே, அதில் இரண்டு முழம் கொடுத்தார். "காத்து அடைச்சு வச்சிருக்கில்ல, சூடு வெளிய போகாது," என்றார். அவர் சொன்னது உண்மை. யூனிஃபார்ம் சட்டையின் உள்பக்கம் வைத்துத் தைத்துக்கொண்டேன். அன்று காலை உடம்பு கதகதவென்று இருந்தது. எட்டரை மணிக்கு டிகிரியின் கார் வந்தது. விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தேன். அக்குளிலிருந்து படபடபடவென்று ஒரு சத்தம். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். மரியாதை போதவில்லையோ என்று பயந்து இன்னொரு சல்யூட் அடித்தேன். இந்தத் தடவை முதுகும் சேர்ந்துகொண்டது.

முதல் மெமோவில் எழுதியிருந்தது இதுதான்: மேலதிகாரிக்கு வணக்கம் செலுத்தும்போது உடலிலிருந்து அவமரியாதையான ஒலி எழுப்பியது. அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் ஒரு வாரம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது, டின். பெயின்ட் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டு, கிழிந்த அட்டையைப் போட்டுக் கொளுத்தினேன். நல்ல கணகணப்பு. ஆனால் புகை என்னைக் கேட்டா போகும்? நேராக அவர் அறை ஜன்னலுக்குப் போயிற்று. என்னைக் கூப்பிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டே மெமோவை நீட்டினார்.

"உங்களுக்கெல்லாம் குளிர் விட்டுப்போச்சு," என்றார்.

பயம் போய்விட்டது என்பதற்கு இப்படி ஒரு வார்த்தையை நம் ஆட்கள் எந்த ஊர் வெயிலில் உட்கார்ந்து கண்டுபிடித்தார்களோ. மூக்கு நுனி மரத்துப்போய், விரல் மடங்காமல், அந்த மெமோவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கி வாங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்துச் சொன்னார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னும் விடலை சார்," என்றேன். அவர் அதை எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொண்டார். அடுத்தது மூன்றாவது என்பதை விரலை நீட்டி ஞாபகப்படுத்தினார்.

அடுப்படியைக் கண்டுபிடித்தது அதற்கு அப்புறம்தான். கிடங்கின் பின்சுவருக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அதில் இரும்புச் சட்டத்தின் மேல் பெரிய பெரிய மெஷின் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு ஃபேன். பாத்ரூம் போகிற வழியில் ஒருநாள் அதன் முன்னால் கடந்து போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன். வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் சூடு. கொழுந்தனைக் கூப்பிட்டுக் கேட்டேன். கிடங்குக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சி எடுத்து மெஷின் இந்தப் பக்கம் துப்புகிறது என்றான். அதாவது ஐஸ்கிரீமிடமிருந்தும் மீனிடமிருந்தும் பிடுங்கிய சூடு. அடுத்தவர் கஷ்டத்தில் குளிர்காய்வதாக நான் பலரைத் திட்டியிருக்கிறேன். நானே ஐஸ்கிரீமின் கஷ்டத்தில் குளிர்காய்வேன் என்று நினைக்கவில்லை.

விஷயம் பரவிவிட்டது. லாரிக்காரர்கள், லோடு ஏற்றுகிறவர்கள், பேக்கிங் அக்கா, எல்லோரும் வந்து முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்க ஆரம்பித்தார்கள். அடுப்படி என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். யாரோ ஈரக் கையுறையைக் காயப்போட்டார்கள். நான் கிழங்கைச் சூடு பண்ணிக்கொண்டேன். ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. சுற்றறிக்கை வந்தது. நிறுவனத்தின் இயந்திரக் காற்றில் குளிர்காய்வது ஒழுங்கீனம், மீறினால் மெமோ என்று சுவரில் ஒட்டினார்கள்.

மற்றவர்களுக்கு அது ஒரு மெமோ. எனக்கு அது கடைசி மெமோ. எல்லோரும் போவதை நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. வீம்பு என்று கொழுந்தன் சொன்னான். வீம்பு இல்லை, முதுகு கேட்கவில்லை. சந்தின் வாயிலிருந்து பார்த்தால் கேட் தெரியும். லாரி வந்தால் ஹாரன் கேட்கும். டிகிரி வருவது எட்டரைக்கு. அதற்குள் மணிக்கு ஒருதரம் போய்ப் பத்து நிமிஷம் நின்று, அன்றைக்கு வேண்டிய சூட்டை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன். அவர் வரும்போது கேட்டில் என்னைவிட ஒழுங்கான ஆள் இருக்க முடியாது.

சோதனைக் காலம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது அது நடந்தது. காலை ஆறு மணி, இருட்டு இன்னும் முழுசாகப் போகவில்லை. கேட் கம்பியைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்கிற குளிர். ஐந்தரைக்குக் கையெழுத்துப் போட்டதிலிருந்து அடுப்படி ஞாபகம்தான். போய், ஃபேனுக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடினேன்.

சில்லென்று இருந்தது.

ஃபேன் சுற்றுகிறது. சத்தம் எப்போதும் போல. ஆனால் வருவது வெறும் காற்று, வெளியே அடிக்கிற அதே காற்று. பக்கத்துப் பெட்டிக்குப் போனேன். அதுவும் அப்படித்தான். நாலு தாள் செய்தித்தாளுக்குள் இருக்கிற என் முதுகுக்கு அந்தச் சூடு எவ்வளவு என்று நெட்டுரு. நேற்றுக் காலை வரை வந்த சூடு இன்று இல்லை என்றால், உள்ளேயிருந்து சூட்டை யாரும் எடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

கொழுந்தனிடம் ஓடினேன். அவன் மெஷின் ரூமில் திரையைக் காட்டினான். மைனஸ் பதினெட்டு. அறை அறையாக மைனஸ் பதினெட்டு. ராத்திரி ஷிஃப்ட்காரன் மணிக்கு மணி எழுதிவைத்ததும் அதே மைனஸ் பதினெட்டு, ஒரு புள்ளி மாறவில்லை.

"மெஷின் ஓடுது, நம்பர் சரியா இருக்கு. உங்க முதுகை நம்பி நான் என்ன அண்ணி பண்றது?" என்றான்.

வந்து பார் என்று இழுத்துக்கொண்டு போனேன். ஃபேன் முன்னால் கையை நீட்டினான். முகம் மாறிப்போயிற்று. கேஸ் கசிந்திருக்கும், திரையில் நம்பரும் மாறாமல் மாட்டிக்கொண்டு நிற்கும் என்று முணுமுணுத்தான். தயாராக இன்னொரு மெஷின் உண்டு. ஆனால் அதன் சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டு, சாவி டிகிரியிடம். கிடங்குக் கதவைத் திறந்து பார்க்கலாம் என்றால் அதற்குச் சீல். காலை எட்டரை மணிக்கு முன்னால் சீலை உடைக்க டிகிரியின் கையெழுத்து வேண்டும். எட்டரைக்கு அவர் வருகிற வரைக்கும் இவனால் செய்ய முடிவது, மைனஸ் பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான்.

போன் பண்ணு என்றேன். என்னவென்று சொல்வது என்று திருப்பிக் கேட்டான். திரையில் சரியாக இருக்கும்போது, உனக்கு எப்படித் தெரியும் என்றுதானே முதலில் கேட்பார். அண்ணி முதுகு சொன்னது என்றால் அண்ணிக்கு வேலை போகும். அதனால் அவன் பேசாமல் நின்றான். எனக்காகத்தான் நின்றான்.

ஒரு நிமிஷம் எனக்கும் புத்தி அந்தப் பக்கம் போயிற்று. மறைக்கப்போவதில்லை. நான் பொதுப் பிரிவு. குளிர் இருக்கும்போது எனக்குப் பங்கில்லை என்றவர்கள், குளிர் போனதற்கு என்னை ஏன் கேட்க வேண்டும்? இன்னும் ஒன்பதே நாள். கேட்டில் போய் நின்றுகொண்டால் முடிந்தது. எட்டரைக்குத் தானாகத் தெரியவரும். தெரியவரும்போது அந்த நோட்டில் கடைசிக் கையெழுத்து யாருடையது என்று பார்ப்பார்கள். என் கொழுந்தனுடையது. வீட்டில் மூன்று மாசக் குழந்தை. என்னை நம்பி 'நான் பொறுப்பு' என்று சொன்ன வாய். கேட்டுக்குப் போனேன், ஆனால் போனை எடுப்பதற்குத்தான்.

மணி ரொம்ப நேரம் அடித்தது. எடுத்தபோது டிகிரியின் குரல் கம்பளிக்குள்ளிருந்து வந்தது. முதுகைப் பற்றிச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பதற்றத்தில் சுருக்கமாக வந்துவிட்டது.

"சார், குளிர் விட்டுப்போச்சு."

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சென்றது.

"யாருக்கு?" என்றார்.

"நம்ம எல்லாருக்கும்தான் சார். ராத்திரியிலேருந்தே விட்டிருக்கும் போல."

"இதை என்கிட்டயே போன் பண்ணிச் சொல்றீங்க."

"உங்ககிட்டதானே சார் சொல்லணும்? வேற யாரால என்ன பண்ண முடியும்?"

"இருங்க. வரேன்," என்றார். போன் வைத்த சத்தம் காதில் அறைந்தது.

பரவாயில்லை, பொறுப்பான மனுஷர், கேட்டதும் கிளம்புகிறாரே என்று நினைத்துக்கொண்டேன். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே ஐந்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. கேட் கம்பத்தில் தலையை முட்டிக்கொண்டேன்.

ஆறேமுக்காலுக்குக் கார் வந்தது. பைஜாமா, அதன்மேல் கணுக்கால் வரைக்கும் கோட், மஃப்ளர், இரண்டு கையிலும் தோல் கையுறை. மூன்றாவது மெமோவை வீட்டிலேயே எழுதி, கையெழுத்தும் போட்டு, மடித்துக் கொண்டுவந்திருந்தார். அவர் கோபமாக வந்ததற்கு இன்றைக்கும் நான் சந்தோஷப்படுகிறேன். கிடங்கில் வெப்பம் கூடிவிட்டது சார் என்று நான் ஒழுங்கான தமிழில் சொல்லியிருந்தால், வீட்டிலும் அவருக்கு அதே நம்பரைக் காட்டும் ஒரு திரை உண்டு, அதைப் பார்த்திருப்பார், மைனஸ் பதினெட்டு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பார்.

மெமோவை நீட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"வாங்கிக்கறேன் சார். அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் மெஷினுக்குப் பின்னாடி வந்து பாருங்க. சூடு வரலை. நான் தினமும் அங்கதான் நிக்கறேன், எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டேன். வேலை போயிற்று என்று அந்த இடத்திலேயே மனசுக்குள் முடிவும் கட்டிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்கிறவளை நேரில் போய்ப் பார்த்து எழுதிக்கொள்ளும் ஆசையில்தான் பின்னால் வந்தார் என்று நினைக்கிறேன். ஃபேன் முன்னால் நின்றார். ஒன்றும் தெரியவில்லையே என்றார். கோட்டைக் கழற்றினால்தான் தெரியும் என்றேன். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி பார்த்தார். கொழுந்தனும் கெஞ்சினான். கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பைஜாமாவோடு முதுகைக் காட்டி நின்றார். தோள் இரண்டும் காது வரை ஏறியது.

"ஜில்லுனுதான் வருது," என்றார் திருப்தியாக. "குளிர் மெஷின். பின்ன சூடாவா வரும்?"

நானும் கொழுந்தனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பதினோரு வருஷமாக அவர் இந்தக் கிடங்குக்கு மானேஜர். இந்தச் சந்துக்கு இப்போதுதான் முதல் தடவையாக வந்திருக்கிறார். கொழுந்தன் ரொம்பப் பணிவாக, சாவுச் செய்தி சொல்கிறவனைப் போல, மெஷின் எந்தப் பக்கம் குளிரைக் கொடுக்கும், எந்தப் பக்கம் சூட்டைத் துப்பும் என்று விளக்கினான். இரண்டு டிகிரியும் அவர் முகத்தைவிட்டு இறங்கிப் போவதைக் கிட்டத்தில் நின்று பார்த்தேன். கதவை நோக்கி ஓடினார், நாங்களும் ஓடினோம்.

சீலை உடைத்துத் திறந்தார்கள். எப்போதும் கதவைத் திறந்தால் வெள்ளைப் புகை ஆளை மறைக்கும். இன்று ஒன்றும் வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்த டிகிரியின் வழுக்கையில் மேலேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அதைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றார். முன்வரிசை ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றை விரலால் அழுத்தினான் கொழுந்தன். விரல் உள்ளே போயிற்று. பின்வரிசைகள் இன்னும் கல்லாகத்தான் இருந்தன. எட்டரை வரை விட்டிருந்தால் அவையும் போயிருக்கும்.

சாவி எங்கே என்றான் கொழுந்தன். கோட்டுப் பாக்கெட்டில். கோட் என் கையில். அவ்வளவு நேரமும் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எவ்வளவு இதமாக இருந்தது என்றால், சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கோட்டைக் கொடுக்க மறந்துபோனேன். வேண்டுமென்றே மறந்தேன் என்று கொழுந்தன் சொல்வான், அதில் கொஞ்சம் உண்மை உண்டு.

இரண்டாவது மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. சூடு வருகிறதா என்று பார்க்க மூன்று பேரும் சந்துக்குப் போனோம். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை, காத்திருக்கத்தான் வேண்டும். டிகிரிக்குப் பல் தாளம் போட ஆரம்பித்தது. கையுறையைச் சீல் உடைக்கும்போதே எங்கோ போட்டுவிட்டார். விரல் எல்லாம் நீலம். பாவமாக இருந்தது. ஆமாம், அந்த ஆளைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. பாக்கெட்டிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே கையை நீட்டினார். வாங்கி, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார், கன்னத்தில் வைத்துக்கொண்டார். அவர் கணக்குப்படி அப்போது அவரும் உள்ளே இருக்கிறவர்களைவிட நல்ல சூட்டில்தான் இருந்தார். அதை நான் சொல்லவில்லை.

பதினைந்து நிமிஷம் கழித்து முதுகில் லேசாக ஒரு வெதுவெதுப்பு. "வந்துருச்சு," என்றேன். எனக்குத்தான் முதலில் தெரிந்தது. அப்புறம் கொழுந்தனுக்கு. கடைசியாக அவருக்கு. கோட்டைக் கொடுத்தேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு, பாக்கெட்டில் இருந்த மெமோவைத் தொட்டுப் பார்த்தார். கிழிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. கிழங்கைத் திருப்பித் தரவும் இல்லை.

அதற்கப்புறம் ஒன்பது நாளும் நான் தூங்கவில்லை. எட்டரை மணிக்குக் கார் வரும், சல்யூட் அடிப்பேன், அவர் கண்ணாடியை இறக்காமல் போவார். தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போயிருக்கிறது என்று மட்டும் கொழுந்தன் விசாரித்துச் சொன்னான். என் வீட்டுக்காரர் இருக்கும் ஒரு கண்ணால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு கிழங்குக்குப் பதில் மூன்று வேகவைத்துக் கொடுப்பார்.

பத்தாம் நாள் ஆணை வந்தது. கொழுந்தன்தான் பிரித்து வாசித்தான். நான் நிரந்தரம். முதல் வரியே அதுதான். அங்கேயே அழுதுவிட்டேன், மேற்கொண்டு அவன் வாசித்தது காதில் ஏறவில்லை. மறுபடி வாசிக்கச் சொன்னேன். கேட் இனிமேல் பொதுப் பிரிவு அல்ல, குளிர்ப் பிரிவு. ஆகவே எனக்கு ஒரு நீல ஜாக்கெட் உரிமை. இயந்திரக் காற்றின் சூட்டை உடம்பால் அறியும் என் திறமையை நிறுவனம் பாராட்டுகிறது. இனி மணிக்கு ஒருமுறை பத்து நிமிஷம் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, சூடு வருகிறதா என்று நோட்டில் எழுத வேண்டும். இது உத்தரவு. அடுப்படியில் நிற்காவிட்டால்தான் இனி எனக்கு மெமோ.

"அண்ணி, இன்னும் இருக்கு," என்றான் கொழுந்தன். அவன் குரல் இறங்கியிருந்தது.

கனமான மேலாடை அணிந்திருந்தால் காற்றின் சூடு உடம்புக்குத் தெரியாது என்பதை மானேஜர் தாமே சோதித்து உறுதி செய்திருக்கிறார். ஆகவே சோதனைப் பணியில் இருப்பவர் பணி நேரத்தில் ஜாக்கெட் அணியக் கூடாது. மேலும், ஜாக்கெட் நிறுவனத்தின் சொத்து. அதை யாரும் கேட்டைத் தாண்டி வெளியே எடுத்துச் செல்லாமல் கேட் செக்யூரிட்டி கண்காணிக்க வேண்டும்.

கேட் செக்யூரிட்டி நான்தான். அவன்தான் முதலில் சிரிக்க ஆரம்பித்தான், நானும் சிரித்தேன். செய்தித்தாளைப் பற்றி ஆணையில் ஒரு வார்த்தையும் இல்லை என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்து உறுதி செய்துகொண்டோம்.

டிகிரி இப்போது ஆறரைக்கே வந்துவிடுகிறார். ஆய்வு என்று சொல்லிக்கொள்கிறார். கோட்டைக் கழற்றிக் காரில் போட்டுவிட்டு, சந்துக்கு வந்து, என் பக்கத்தில் ஃபேனுக்கு முதுகைக் காட்டி நின்று, பேசாமல் கையை நீட்டுவார். நான் மூன்றாவது கிழங்கைக் கொடுப்பேன். கொஞ்ச நேரம் போனதும், ரொம்ப மரியாதையாகக் கேட்பேன்.

"சாருக்குக் குளிர் விட்டுப்போச்சா?"

முதல் தடவை கேட்டபோது என்னை உற்றுப் பார்த்தார். எந்த அர்த்தத்தில் கேட்கிறேன் என்று யோசித்தார் போலிருக்கிறது. நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "இன்னும் கொஞ்சம் இருக்கும்மா," என்றார்.

ஜாக்கெட்டும் வந்துவிட்டது. சரியாக என் அளவு, புதுசு, மடிப்புக் கலையாதது. ஷிஃப்ட் தொடங்கும்வரை போட்டுக்கொள்ளலாம் என்று டிகிரியே வாய்மொழியாக அனுமதித்திருக்கிறார். ஓய்வறை அலமாரியில் அது தொங்குகிறது. காலையில் வந்ததும் போட்டுக்கொள்வேன், குல்லாவையும் இழுத்துவிட்டுக்கொள்வேன். ஓய்வறையிலிருந்து கேட் வரை நாற்பத்திரண்டு அடி. அங்கே ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கிளம்பும் செக்யூரிட்டியிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட்டு, என் அட்டைப்பெட்டி மேல் ஏறி நின்றுகொள்வேன். அவர் அதை எடுத்துக்கொண்டுபோய் அலமாரியில் மாட்டிவிடுவார்.

அந்த நாற்பத்திரண்டு அடியையும் நான் மெதுவாகத்தான் நடக்கிறேன்.